மேல் ரோட்டில் நிறுத்திய வேன்

தோட்டத்துக் கீழ் லயத்தின் வரிசை வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் வரப்போகிறது. அகலப்படுத்தும் வீதியின் திருத்திய திட்டத்தைத் திங்கட்கிழமை காலை பிரதேச செயலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். தமிழ்ப் பிரதியில் படித்தேன். அதில் நம்பிக்கை போதாமல் சிங்களப் பிரதியையும் பார்த்தேன். அப்புறம் திட்ட அலுவலக இன்ஜினியருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "ஆமா, அது மாறாது" என்றார். இவ்வளவும் உறுதி. உங்களிடம் இதை இந்த ஒழுங்கில்தான் சொல்ல முடியும். சந்தோஷத்தை முன்னால் வைத்துத் தொடங்கியிருந்தால், "யாரு சொன்னது, எங்க பாத்தீங்க?" என்று பாதியிலேயே மறித்திருப்பீர்கள்.

செயலகத்திலிருந்து நேரே பெரகல சந்திக்குப் பஸ் ஏறினேன். இறங்கியதுமே காற்று குடையைப் பிடுங்கப் பார்த்தது. சந்திக்கு இந்தப் பக்கம் குழிகளை அடைப்பதற்காகத் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பசித்தது. அது உங்களிடமிருந்து தொற்றிய பசி. உங்கள் அப்பா தோட்ட ரோட்டு வேலைக்குப் போன காலத்தில், தார் பீப்பாயைக் காய்ச்சிய அடுப்பின் தணலில் ரொட்டி சுட்டுத் தருவாராம். அன்றிலிருந்து தார் வாசம் வந்தால் வயிறு ரொட்டி கேட்கும் என்பீர்கள். "ரோட்டால என்னென்ன கெட்டுப் போகும்னு எழுதுறவளுக்கு ரோட்டு வாசத்துல பசிக்குது. இத மட்டும் பேப்பர்ல போட்டுறாதீங்க." போடவில்லை. நீங்கள் கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது, இனிமேல் எழுதினால் கோபிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சந்திக் கடையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் கீழே நடந்தேன்.

உங்கள் வேலை என்னவென்று மற்றவர்களுக்கு விளக்க நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். ஒரு பெரிய வீதி வருவதற்கு முன் அதனால் சுற்றாடலுக்கும் சனங்களுக்கும் என்ன நட்டம் என்று மதிப்பிட வேண்டும். வெட்டப்படும் மரத்துக்கும் உடைக்கப்படும் வீட்டுக்கும் ஒரு விலை எழுதிவிடலாம். யாருக்கும் சொந்தமில்லாத ஒற்றையடிப் பாதை, ஊற்று, பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் குறுக்கு வழி, இவற்றுக்கு என்ன எழுதுவது? அந்த இடத்தில்தான் உங்களைக் கூப்பிடுவார்கள். நான் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்வதைக் கீழ் லயத்துப் புவனா ஒரே மூச்சில் சொல்லிவிட்டது: "ரோடு வந்தா என்னா போகும்னு கேக்க வர்ற மிஸ்ஸு."

புவனாவை நாம் சந்தித்த நாளுக்கு வருகிறேன்.

அந்த லயம் மெயின் ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. ரோட்டுக்கு மேற்பக்கக் கரையில் ஒரு பீலி. கரையிலிருந்து கசியும் ஊற்றை ஒரு குழாய்த் துண்டில் பிடித்து விழவிட்டிருப்பார்கள், அவ்வளவுதான். குடிக்க, சமைக்க, பிள்ளைகளைக் குளிப்பாட்ட, கீழ் லயத்துக்கு எல்லாம் அந்தத் தண்ணீர்தான். வீதியை அகலமாக்கினால் அந்தக் கரையை வெட்டிச் சுவர் எழுப்புவார்கள். பீலி போய்விடும். ஊற்று சுவருக்குப் பின்னால் எங்கேயோ வடிந்து ரோட்டோர வடிகானில் விழும். திட்டத்தின் வரைபடத்தைப் பார்த்த உடனேயே இது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் போனது, முதலில் வந்து கேட்டுப்போன குழு ஏன் "நீர்: பாதிப்பு இல்லை" என்று எழுதியது என்பதுதான்.

அந்தக் குழுவில் வந்தவர்கள் நல்ல பிள்ளைகள். கொழும்பிலிருந்து வந்து, மொழிபெயர்க்க ஓர் ஆளையும் வைத்துக்கொண்டு, ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கியிருக்கிறார்கள். யாரும் பொய் எழுதவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீருக்குக் கஷ்டம் வருமா என்று கேட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கஷ்டமும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அறிக்கையைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தபோது, சமூகப் பகுதியைத் திரும்பப் பார்க்கும்படி உங்களிடம் ஒப்படைத்தார்கள். செய்திக்காக நானும் வரலாமா என்று கேட்டேன். "வாங்க. ஆனா வாயத் தொறக்கக் கூடாது. நீங்க கேள்வி கேட்டா ஆளுங்க பேட்டி குடுக்க ஆரம்பிச்சிடுவாங்க" என்றீர்கள்.

பண்டாரவளையிலிருந்து வாடகை வேனில் போனோம். வேன் ஓட்டிய முஸ்லிம் நானா, கீழே இறங்கும் தோட்ட ரோட்டில் திருப்பப் போனார். நீங்கள் மேலேயே நிறுத்தச் சொன்னீர்கள்.

"ஏன் மிஸ், ரோடு லயத்து வாசல் மட்டும் ஈக்கிதானே?"

"இருக்கட்டும் நானா. நாங்க நடந்து போறோம்."

"எறங்குறது லேசு. ஏறிவரக்குள்ள பேப்பர் மாஸ்டருக்கு மூச்சு வாங்கும்."

"அவருக்கு மூச்சு வாங்கினா இன்னும் நல்லது. மெதுவா வருவோம்."

இதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன். என் மூச்சையும் உங்கள் வேலைக்குள் சேர்த்திருக்கிறீர்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

புவனா வீட்டில் நமக்காக யாரோ வீட்டிலிருந்து பிளாஸ்டிக் கதிரைகளை இரவல் வாங்கி வந்து போட்டார்கள். இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ வந்தது, தட்டில் பிஸ்கட் வந்தது. புவனா கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற மனுஷி. அந்த லயத்தில் சண்டை தீர்ப்பதும் அதுதான், தொடங்குவதும் அதுதான். நீங்கள் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, தண்ணீர் எப்படி என்று கேட்டீர்கள்.

"எங்களுக்கு என்னாங்க குறை. நல்லாத்தான் இருக்கோம். நீங்க பிஸ்கட் எடுங்க."

"ரோடு பெருசா வருதே, பீலிக்குப் போக வரக் கஷ்டமா இருக்காதா?"

"அதெல்லாம் பாத்துக்குவோங்க. சார் ஏன் ஒண்ணும் எடுக்காம இருக்காரு? சீனிக்காரரா?"

நான் பிஸ்கட் எடுத்தேன். மனதுக்குள் தலைப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். முதற்குழு சொன்னது சரிதான் போலிருக்கிறதே என்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் கொஞ்சமும் அசையவில்லை. பிள்ளைகளின் படிப்பு, கூரைத் தகரம், வெலிமடையில் கட்டிக்கொடுத்த மகள் என்று பேசிவிட்டு, தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்து, கோப்பையைக் கீழே வைத்து எழுந்தீர்கள். "அப்ப நாங்க போயிட்டு வர்றோம்."

"இருங்க, ரோடு வரைக்கும் வர்றேன்" என்று புவனா செருப்பைத் தேடியது.

மலையகத்தில் வந்தவரை வாசலோடு அனுப்புவது மரியாதை இல்லை. வண்டி ஏறும் இடம் வரைக்கும் கூட நடக்க வேண்டும். இது நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம்தான். அதை ஒரு வேலை முறையாக மாற்ற முடியும் என்பது மட்டும் எனக்குத் தோன்றியதே இல்லை. வாசலைத் தாண்டி, கோழிக்கூட்டைத் தாண்டி, தேயிலைக்குள் பாதை திரும்பிய இடத்தில் புவனா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டது. நாம் ஒன்றும் கேட்காமலே தொடங்கியது.

"மிஸ்ஸு, இந்த பீலி போச்சுன்னா நாங்க எங்க போறதுங்க? தோட்டத்து டாங்கித் தண்ணி மேல் லயத்தோட சரி. வெயில் காலத்துல அதுவும் இல்ல. என் முட்டி இருக்கிற இருப்புக்கு ஆத்துக்கு எறங்கி ஏற முடியுமா? ஒருநாளும் முடியாது."

"இத ஏன் உள்ள வச்சுச் சொல்லல?"

புவனா நடப்பதை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது. இது கூடவா தெரியாது என்கிற பார்வை.

"கையில தேத்தண்ணி குடுத்துட்டு, தண்ணி இல்லேன்னு சொல்லுவாங்களா? அப்பறம் அந்தத் தேத்தண்ணி உங்களுக்கு எறங்குமா? முன்னாடி வந்த புள்ளைங்க எம்புட்டு தூரத்துலேர்ந்து வந்துச்சுங்க, பாவம். அதுங்ககிட்டயும் சொல்லல."

"போகும்போது சொல்லியிருக்கலாமே."

"எங்க சொல்ல? வேன கொண்டாந்து வாசல்லயே நிப்பாட்டிட்டாங்க. ஏறுனாங்க, போயிட்டாங்க. வழியனுப்பவே விடல."

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். எழுதிக்கொள்ளச் சொல்லும் பார்வை இல்லை. இப்போது விளங்குகிறதா என்ற பார்வை. எனக்கு மூச்சு வாங்கியது. நீங்கள் எதிர்பார்த்த அளவுக்கே வாங்கியது. ஆகவே நான் நிற்கிற இடத்தில் எல்லாரும் நின்றார்கள். நின்ற இடத்தில் இன்னும் இரண்டொருவர் வந்து சேர்ந்தார்கள். பாதி வழியில் அது வழியனுப்பும் கூட்டம் என்பது போய்த் திருவிழாக் கூட்டம்போல் ஆகிவிட்டது. ஆளுக்கொரு கதை. ஒருத்தி, கல்யாண வீட்டுச் சமையலுக்குப் பீலியில் வரிசை நின்றதைச் சொன்னாள். இன்னொருத்தி, மழை விட்டதும் ரோட்டில் வேகமாக வரும் வண்டிகளுக்குப் பயந்து குடத்தை வைத்துவிட்டு ஓடியதைச் சொன்னாள். சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார்கள். மேலே வேனருகில் நின்ற நானா கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, "மிஸ், எல்லாரையும் ஏத்த ஏலாது. பேர்மிட் இல்ல" என்றார்.

திரும்பி வரும்போது நமக்குள் சண்டை வந்தது. "தோட்ட மக்கள் வீதிக்கு எதிர்ப்பு" என்று தலைப்புப் போடப் போவதாக நான் சொன்னேன். வேனே அதிரும்படி கேட்டீர்கள்.

"யாரு எதிர்த்தா? பதுளை ஆசுபத்திரிக்குச் சீக்கிரம் போகணும்னு கேட்டாங்களே, அது ஒங்க காதுல விழலையா? பஸ்ஸும் வேணும், பீலியும் வேணும். அத அப்பிடியே எழுதுங்க."

"அது தலைப்புக்கு நீளம்."

"அப்ப பேப்பர அகலமாக்குங்க. ரோட்ட அகலமாக்கலையா?"

நானா ஸ்டியரிங்கில் சாய்ந்து சிரித்தார். நான் உங்கள் தலைப்பைத்தான் போட்டேன். எங்கள் ஆசிரியபீடத்தில் அதைச் சுருக்கினார்கள், அது என் கையில் இல்லை. நட்டத்தை எழுதுகிற ஆள் வீதிக்குப் பகையாளி என்று நினைக்கிறவர்களிடம் நீங்கள் எப்போதும் இதையே சொன்னீர்கள்: என்ன போகிறது என்று தெரிந்தால்தான் போகாமல் கட்டலாம்.

இன்ஜினியர் லேசில் நம்பவில்லை. அதிலும் குறை சொல்ல முடியாது. முதலில் எடுத்த பதில்கள் எல்லாம் ஒன்று போலிருந்தன, நீங்கள் கொண்டுபோனவை எல்லாம் நேரெதிராக இருந்தன. இரண்டில் எதை எடுப்பது என்று கேட்டார். அவர் மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர். தமிழ் கொஞ்சம் பேசுவார், பேசும்போது கையையும் சேர்த்துக்கொள்வார். நீங்கள் வாதாடவில்லை. "சேர், நீங்களே வந்து கேளுங்க. ஒரே ஒரு விஷயம், ஜீப் மேல நிக்கட்டும்" என்றீர்கள்.

அவர் நல்ல சப்பாத்தோடு வந்தார். முதல் நாள் மழை பெய்திருந்தது, தேயிலைக்குள் அட்டைகள் காத்திருந்தன. புவனா வீட்டில் அதே கதிரைகள், அதே இஞ்சித் தேநீர். அவருக்கென்று கேக்கும் வந்தது. அவர் கவனமாகத் தமிழில் கேட்டார்: "தண்ணி பிரச்சினை இருக்கா?"

"ஒரு பிரச்சினையும் இல்லீங்க மாத்தியா. கேக் எடுங்க."

அவர் உங்களைப் பார்த்த பார்வையில் வெற்றி இருந்தது. நான் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பாதையில் புவனா இன்றைக்கென்று பேசாமல் வந்துவிட்டால்? வந்தவர் பெரிய ஆள் என்று மரியாதை இன்னும் கொஞ்சம் நீண்டு, ரோடு வரைக்கும் வாய் மூடியே வந்துவிட்டால்? அறிக்கை பழையபடியே போகும், கரையை வெட்டுவார்கள், பீலி அத்தோடு முடிந்தது. நீங்கள் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

கோழிக்கூடு தாண்டியது. பாதை திரும்பியது. புவனா ஒன்றும் சொல்லவில்லை. தூறல் விழத் தொடங்கியதும் தன் குடையை அவருக்குப் பிடித்துக்கொண்டு நடந்தது. அவர் குனிந்து கணுக்காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கப் பார்த்தார். "பிடுங்காதீங்க, இருங்க" என்று புவனா உட்கார்ந்து, முந்தானையில் முடிந்திருந்த உப்பை எடுத்துத் தடவிவிட்டது. அட்டை விழுந்தது. உட்கார்ந்தபடியே புவனா தலையை நிமிர்த்தி, சிங்களமும் தமிழுமாகக் கேட்டது:

"மாத்தியா, ரோட்ட போடுங்க. எங்களுக்கும் வேணும். அந்த வத்துர மட்டும் எங்களுக்குக் குடுத்துடுங்க."

வத்துர என்றால் சிங்களத்தில் தண்ணீர். அந்த ஒரு சொல்லை அது அவருடைய மொழியில் சொன்னதால்தானோ என்னவோ, அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு ரோடு வரும் வரைக்கும் புவனா பேசிக்கொண்டே வந்தது. அவர் கேட்டுக்கொண்டே வந்தார். ரோட்டில் மொனராகலை பஸ் ஒன்றும் அதன் பின்னால் மரக்கறி லொறி ஒன்றும் லீக்ஸ் வாசத்தோடு கடந்துபோகும் மட்டும் காத்திருந்து, அப்புறம் குறுக்கே போய்ப் பீலியில் கையை வைத்துப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார்.

ஜீப்பில் ஏறும்போது உங்களிடம் கேட்டார்: "மிஸ், வீட்டில ஏன் எனக்குப் பொய் சொன்னது?"

"பொய் இல்ல சேர். வீட்டில ஒங்களக் கவனிச்சாங்க. வழியிலதான் ஒங்ககிட்டப் பேசினாங்க."

அவர் அதைத் தமக்குள் சிங்களத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு அவர் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஜீப்பை மேலேயே விடுகிறாராம். அவருடைய டிரைவர் உங்களைத் திட்டுகிறார். இதை நான் அந்த டிரைவரிடமிருந்தே கேட்டேன், ஆகவே இதுவும் உறுதி.

உங்கள் அறிக்கையில் என்ன எழுதினீர்கள் என்பதை நான் பிறகுதான் படித்தேன். ஊற்றைச் சுவருக்கு மேலே ஒரு தொட்டியில் பிடித்து, ரோட்டுக்கு அடியால் குழாய் போட்டு, லயத்துக்கு அருகே இறக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். யாரும் வீதியைக் கடக்க வேண்டியதில்லை. புவனாவின் முட்டிக்கும் அது நல்லது. முடிவு வருவதற்குள் நீங்கள் படுத்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தபோது நான் தோடம்பழம் வாங்கி வந்தேன். "நல்லாத்தான் இருக்கேன், ஒரு குறையும் இல்ல, பழத்த நீங்களே உரிச்சுச் சாப்பிடுங்க" என்றீர்கள். எனக்கு விளங்கிவிட்டது. நான் எழுந்தபோது வார்டு வாசல் வரைக்கும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். தாதி திட்டத் திட்ட, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தீர்கள். பாதி வழியில் சொன்னீர்கள்: "கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. வீட்டுல சொல்லாதீங்க. பீலி என்னாச்சுன்னு மட்டும் பாத்துக்கங்க."

பார்த்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கீழே போனபோது புவனா கேக் வைத்திருந்தது. எனக்குச் சீனி வியாதி என்று அதற்கு இன்னும் ஒரு சந்தேகம், ஆகவே சின்னத் துண்டாக வெட்டியது. அறிவிப்பில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். "மிஸ்ஸு இருந்திருந்தா இன்னைக்கு ரெண்டு பிஸ்கட் கூடத் தின்னிருக்கும்" என்றது. கண்ணைத் துடைத்தது, அதே கையால் எனக்கு இன்னொரு கோப்பை ஊற்றியது. வேறு ஏதும் குறை இருக்கிறதா என்று கேட்டேன்.

"என்னாங்க குறை. அதான் குழாய் வருதே."

எழுந்தேன். புவனா செருப்பைத் தேடியது. கோழிக்கூடு தாண்டிப் பாதை திரும்பியதும் நான் மூச்சு வாங்குவதுபோல் நின்றேன். இந்த வயதில் அதற்கு நடிக்கத் தேவையில்லை.

"சார், ஒண்ணு சொல்லணும். ஊத்துக்கு மேல நிக்கிற மரத்துக்கெல்லாம் செவப்புப் பெயின்ட் அடிச்சிருக்காங்க. வெட்டத்தானே அடிக்கிறது? அந்த மரம் போனா ஊத்து நிக்காதுங்க. கரையும் மழைக்கு எறங்கிடும். அப்பறம் குழாய் இருந்து என்னா, காத்துத்தான் வரும்."

மேலே ஏறிப் பார்த்தேன். சிவப்பு அடையாளம் இருக்கிறது. அறிவிப்பில் குழாய் இருக்கிறது, தொட்டி இருக்கிறது, மரங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ரோட்டோரத்தில் நின்றே இன்ஜினியருக்குப் போன் எடுத்தேன். அந்த மரங்கள் வீதித் திட்டத்தின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன, தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம், பெயின்ட் அவர்கள் அடித்தது என்றார். ஊற்றைச் சுற்றியுள்ள மரங்களை விட்டுவைக்கும்படி எழுத்தில் கேட்டிருக்கிறாராம். "யார் சொன்னது மரம் பத்தி?" என்று கேட்டார். வழியனுப்ப வந்த இடத்தில் கேட்டேன் என்றேன். சிரித்தார். "அப்ப அது சரியா இருக்கும்" என்றார்.

ஆகவே இன்றைய நிலவரம் இதுதான். குழாய் உறுதி. மரங்கள் உறுதியில்லை. தோட்ட நிர்வாகத்தின் பதில் இன்னும் வரவில்லை. வருட இறுதி மழை தொடங்குவதற்கு முன் வரும் என்று இன்ஜினியர் எதிர்பார்க்கிறார். நிர்வாகத்திடம் நானும் கேட்டேன், பரிசீலனையில் இருப்பதாக மட்டும் சொன்னார்கள். பதில் வந்ததும் கீழே போவேன். பஸ்ஸில் போய்ச் சந்தியிலேயே இறங்கிக்கொள்வேன். தேநீர் குடிக்கும்போது ஒன்றும் கேட்க மாட்டேன், பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிடப் பழகிவிட்டேன். பிறகு எழுவேன். புவனா செருப்பைத் தேடும். தேடி எடுக்கும் மட்டும் வாசலில் நிற்பேன்.